தோலும் காமிராவும்: ஒரு வரலாற்றுக் கண்ணோட்டம்



விழா மலர் என்றாலே பழைய படங்கள் வேண்டும். முதல் நன்மை வாங்கிய சிறுவர் வரிசை, தேர்ப்பவனி, திருமண விருந்து என ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலிருந்தும் படங்கள் வெளிவருகின்றன. படத்தில் இருப்பவர் யார் என்று ஆவலோடு கேட்கிறோம். அதை எடுத்தவர் யார், எந்தக் காமிராவால் எடுத்தார் என்று கேட்பது அரிது. எடுத்தவர்களுள் பலர் ஸ்டூடியோ வைத்துப் பிழைத்தவர் அல்லர். ஆசைக்காகக் காமிரா வாங்கி வைத்திருந்த ஆசிரியரும் அலுவலரும் தொழிலாளரின் பிள்ளைகளுமே ஆவர். அவர்கள் கையிலிருந்த அந்தப் பெட்டியின் வரலாற்றைப் புரட்டினால், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனத் தோல் தொழிலால் வாழும் நம் ஊர்களுக்கு அது அந்நியமானதன்று என்பது விளங்கும்.

மாசிக்காயும் மெழுகுத்தாளும்

புகைப்படக் கலை உலகறிய அறிவிக்கப்பட்டது 1839-ஆம் ஆண்டு. பிரான்சில் தாகேரும் இங்கிலாந்தில் டால்பட்டும் தனித்தனி வழிகளில் அதைக் கண்டனர். டால்பட் 1840-இல் ஓர் அரிய உண்மையைக் கண்டார். வெள்ளி உப்புப் பூசிய தாளின்மீது ஒளி சிறிது நேரமே பட்டாலும், கண்ணுக்குத் தெரியாத உருவம் அதில் பதிந்துவிடுகிறது. காலிக் அமிலத்தால் அதைக் கழுவினால் உருவம் மெல்ல எழும்புகிறது. இந்த அமிலம் கிடைத்தது எதிலிருந்து? நம் பாட்டிமார் பிள்ளை மருந்தாக உரைத்துக் கொடுத்த மாசிக்காயிலிருந்து! தோல் பதனிட நம்மவர் பயன்படுத்திய கடுக்காயின் துவர்ப்பும் இதே குலத்தைச் சேர்ந்ததுதான். நாக்கைச் சுருட்டும் துவர்ப்பு ஒருபுறம் தோலைக் கெடாமல் காத்தது. மறுபுறம் மனித முகத்தைத் தாளில் எழுப்பியது.

சென்னை மாகாணத்தில் இக்கலை விரைவிலேயே வேரூன்றியது. சென்னையில் கலைப்பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1856-இல் புகைப்படச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். சென்னைப் படையின் அதிகாரியான லின்னேயஸ் டிரைப் முதலில் ஆசைக்காகவே காமிரா பிடித்தவர். 1854-இன் இறுதியில் பேலூர், ஹளேபீடு கோயில்களை எடுத்து, 1855-இல் சென்னைக் கண்காட்சியில் வைத்தார். அந்த ஆசையே அவரை 1856-இல் மாகாண அரசின் புகைப்படக்காரராக உயர்த்தியது. 1857, 1858 ஆண்டுகளில் அவர் திருவரங்கம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை எனச் சுற்றினார். நமக்கு அண்மையிலுள்ள இராயக்கோட்டையும் அவருடைய படங்களில் இடம்பெற்றது. அவர் பயன்படுத்திய மெழுகுத்தாள் நெகட்டிவ் ஏறத்தாழ 12-க்கு 15 அங்குலம். அத்தனை பெரிய தாளை ஏற்கும் காமிரா எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டியது சுமார் 19 அடி நீளம் வந்தது.

தோலிலிருந்து பிறந்த பிலிம்

இவ்வளவு சுமையோடு எளியவர் எவரும் காமிரா பிடிக்க முடியாது. அந்தச் சுமையைக் குறைத்தது ஒரு பசை. 1871-இல் இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்டு மாடாக்ஸ், வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து கண்ணாடித் தகட்டில் பூசலாம் என்று எழுதினார். ஜெலட்டின் என்பது மாட்டெலும்பையும் தோல் துண்டுகளையும் சுண்ணாம்பில் ஊறவைத்துக் காய்ச்சி எடுப்பது. தச்சர் மரம் ஒட்டும் வச்சிரத்தின் தூய வடிவம் எனலாம். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பின்னர் வந்த பிலிம் சுருள் ஒவ்வொன்றிலும் ஒளியைத் தாங்கியது இந்த ஜெலட்டின் படலமே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சில ஜெலட்டின் நல்ல பிலிமைத் தந்தது, சில தரவில்லை. காரணம் யாருக்கும் புரியவில்லை. கோடாக் நிறுவனத்தின் ஆய்வாளர் ஷெப்பர்டு 1925-இல் விடை கூறினார். மாடு மேய்ந்த கடுகு போன்ற செடிகளிலுள்ள கந்தகப் பொருள் தோலில் தங்கி, ஜெலட்டினுக்கும் வந்து, பிலிமின் உணர்திறனைக் கூட்டுகிறதாம்!

இப்படலத்தின் உதவியால் ஈஸ்ட்மன் 1888-இல் நூறு படம் எடுக்கும் கோடாக் பெட்டியை விற்றார். 1900-இல் ஒரு டாலர் விலைக்குப் பிரவுனி வந்தது. 1901-இல் வெளியான 120 என்னும் அகலச் சுருள் இன்றும் உற்பத்தியாகிறது.

வேலூர் வெயிலும் குரோமும்

ஜெலட்டினுக்கு வெப்பம் ஆகாது. குளிர்நாட்டு முறைப்படி பிலிமைக் கழுவினால், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சூடேறிய நீரில் படலம் இளகி, ஓரம் சுருங்கி, உரிந்தும் போகும். இதற்கு மருந்தாக வெப்பநாட்டுப் படக்காரர் குரோம் படிகாரக் கரைசலில் பிலிமை முக்கி எடுத்தனர். அது ஜெலட்டினை இறுக்கிக் கெட்டியாக்கியது. குரோம் உப்பு தோலை எப்படிப் பதனிடுகிறதோ, அப்படியே பிலிமையும் பதனிட்டது.

படத்தை நிலைநிறுத்தப் பயன்படும் ஹைப்போவும் இவ்வாறே. தொடக்ககாலக் குரோம் பதனிடும் முறையில் தோலை இருமுறை தொட்டியில் இடுவர். இரண்டாம் தொட்டியில் இருந்தது ஹைப்போவே. இருட்டறையில் படம் கழுவியவரும் தொட்டியில் தோல் புரட்டியவரும் ஒரே சரக்கைக் கையாண்டார்கள் என்பது மிகையன்று.

ஆசைக் காமிராக்கள்

விடுதலைக்குப் பின் அயல்நாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ உறவினர் இருந்தவர்க்கே ஜப்பான் காமிரா கைக்கு எட்டியது. மற்றவர்க்கு இந்தியாவிலேயே செய்யப்பட்ட ஆக்பா கிளிக் 3 கை கொடுத்தது. 120 சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். சூரியன், மேகம் என்னும் அடையாளங்கள். மிக எளிய வில்லை. ஆகவே நடுவில் இருந்தவர் முகம் தெளிவாகவும் ஓரத்தில் நின்றவர் சற்று மங்கியும் வந்தனர். குழுப்படத்தின் ஓரத்தில் உங்கள் தாத்தா மங்கலாகத் தெரிந்தால், பழி அவர்மேல் அன்று, வில்லையின் மேல்தான்.

வசதியுள்ளோர் இடுப்புயரத்தில் வைத்து மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் காமிராக்களை வைத்திருந்தனர். யாஷிகா-மேட் அவ்வகையில் பெயர் பெற்றது. அதில் நான்கு வில்லைகள் சேர்ந்த லென்ஸ் இருந்தது. ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பவுல் ருடால்ப் 1902-இல் வகுத்த டெசார் லென்ஸின் வழிவந்த அமைப்பு அது. படத்தின் ஓரம் வரை கூர்மை தரும். பின்னர் 35 மில்லிமீட்டர் பிலிமுக்கான சோவியத் நாட்டு ஜெனித், ஜப்பானின் பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எப்.எம்.2 ஆகியவை வந்தன. ஜெனித்துடன் வந்த ஹீலியோஸ் லென்ஸை இளைஞர் சிலர் இன்று தேடி வாங்கி, மாற்று வளையம் பொருத்தி டிஜிட்டல் காமிராவில் பயன்படுத்துகிறார்கள்.

பிலிமுக்கும் நம் மாநிலமே உதவியது. உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களைத் தந்தது. டிஜிட்டல் அலை அதைச் சாய்த்தது. இன்று அங்கே உற்பத்தி இல்லை.

உறைக்குள் ஒரு பகை

காமிராவுக்குத் தோல் உறை அழகு. பழைய மடிப்புக் காமிராவின் துருத்தியும் தோலால் ஆனதே. ஆனால் தோல் ஈரத்தை இழுக்கும். உறையோடு பீரோவில் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்த லென்ஸில் சிலந்தி வலை போல் பூஞ்சை படரும், கண்ணாடியையே அரித்துவிடும். வீட்டில் பழைய காமிரா இருந்தால் உறையிலிருந்து வெளியே எடுங்கள். காற்றும் வெளிச்சமும் காட்டுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

காமிராவை விட அருமையானது நெகட்டிவ். நன்கு கழுவிய கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளியால் ஆனது, நூறாண்டும் நிற்கும். 1970, 1980-களின் வண்ணப் படங்கள் சாயத்தால் ஆனவை. பல ஏற்கெனவே சிவந்து வெளுத்துவிட்டன. நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாடை அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அவற்றைப் பிரித்து வைத்து உடனே நகல் எடுங்கள்.

இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. சுண்ணாம்புக் குழியிலும் பட்டைத் தொட்டியிலும் வாழ்நாளைக் கழித்த நம் முன்னோர் பலர் ஸ்டூடியோ வாசலை மிதித்ததில்லை. அடக்கப் பூசைக்கு வரும் குடும்பத்தார், இறந்தவரின் முகம் ஒன்று கிடைக்காதா என்று பெட்டி பெட்டியாகத் தேடுவதைக் கண்டிருக்கிறேன். இறுதியில் கிடைப்பது யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர் திருவிழாவன்று ஆசைக்காக எடுத்த குழுப்படம். அதிலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய முகமே சுவரில் மாலையோடு தொங்குகிறது. அந்த ஆசைக்காரர் எடுத்திராவிட்டால், அந்த உழைப்பாளியின் முகம் பேரப் பிள்ளைகளுக்குக் கிட்டியிராது.

ஆகவே, இந்த யூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கட்டும். மூத்தவர்களை நடுவில் அமர்த்தி, படங்களை விரித்து, யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு, பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். எடுத்தவர் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பெயரில்லாப் படம் இன்னும் ஒரு தலைமுறை சென்றால் வெறும் தாளே. நம் முன்னோர் பதனிட்ட தோல் உலகெங்கும் நடக்கிறது. அவர்கள் முகங்களையேனும் நம் வீட்டில் நாம் பதனிட்டு வைப்போமாக.