நற்கருணை: ஃபாதர் மட்டும்தான் கொடுக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி. நற்கருணை வாங்க வரிசையில் நிற்கிறீர்கள். ஒரு பக்கம் ஃபாதர். இன்னொரு பக்கம், உங்கள் புளோக்கில் இருக்கும் ஆண்ட்டி. சிலர் மெதுவாக ஃபாதரின் வரிசைக்கு மாறுகிறார்கள்.

"ஆண்ட்டி கொடுத்தா செல்லுமா?"

செல்லும். இரண்டு வரிசையிலும் கிடைப்பது ஒரே நற்கருணைதான்.

யார் கொடுக்கலாம்?

ஆயர், குரு, திருத்தொண்டர் ஆகிய மூவருமே வழக்கமாக நற்கருணை வழங்குவோர். தேவை இருந்தால் பொதுநிலையினரும் வழங்கலாம். 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் வத்திகன் அதற்கு வழிவிட்டது. ஆணும் செய்யலாம், பெண்ணும் செய்யலாம். முறையான அனுமதி பெற்றிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது தேவை?

குருக்கள் போதவில்லை, குருவுக்கு வயதாகிவிட்டது அல்லது உடம்பு சரியில்லை, கூட்டம் மிக அதிகம், திருப்பலி அளவுக்கு மீறி நீண்டுவிடும். இப்படிப்பட்ட நேரங்களில்தான். சில நிமிடம் மிச்சமாகும் என்பது மட்டும் காரணமாகாது. 2004இல் வத்திகன் இதை மீண்டும் வலியுறுத்தியது.

எதைச் செய்ய முடியாது?

இவர்கள் திருப்பலி நிறைவேற்ற முடியாது. அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுவது குருவின் திருப்பலியில்தான் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. அங்கே அர்ச்சிக்கப்பட்டதைத்தான் இவர்கள் உங்கள் கையில் தருகிறார்கள்.

பாட்டியால் கோயிலுக்கு வர முடியவில்லையா?

இவர்களின் பணி அதிகம் கைகொடுப்பது இங்கேதான். நோயாளிகளுக்கும் நடமாட முடியாத முதியோருக்கும் நற்கருணையைச் சிறிய பெட்டியில் வீட்டுக்கே கொண்டுவருவார்கள். பங்கு அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி வையுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள்.

நற்கருணைக்கு 1 மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் சாப்பிடக்கூடாது என்பது பொதுவான விதி. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் அது கட்டாயமில்லை. பாட்டியைப் பட்டினி போட வேண்டாம்.

இதை மட்டும் மறக்காதீர்கள்

பாட்டியின் நிலை மோசமானால் ஃபாதரைக் கூப்பிடுங்கள். பாவசங்கீர்த்தனம் கேட்பதும் நோயில்பூசுதல் கொடுப்பதும் குருவால் மட்டுமே முடியும். வாராவாரம் வரும் அங்கிள் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அவரால் அவற்றைச் செய்ய முடியாது. "அங்கிள்தான் வர்றாரே" என்று இருந்துவிட்டால், பாட்டி கேட்டது கடைசி நேரத்தில் கிடைக்காமல் போகலாம். சுயநினைவு இருக்கும்போதே சொல்லி அனுப்புவது நல்லது.

சரி, அடுத்த ஞாயிறு ஆண்ட்டியின் வரிசை காலியாக இருந்தால்? தயங்காமல் போங்கள். அவர் "கிறிஸ்துவின் திருவுடல்" என்பார். நீங்கள் சொல்ல வேண்டியது அதே பதில்தான்: "ஆமென்".