ஈரானியப் பாடசாலைகளும் மாணவியரின் தலைத்துணியும்

ஈரானியப் பெண்களின் உடை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1979 ஆம் ஆண்டுப் புரட்சியிலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். ஆனால் பாடசாலை மாணவியின் தலைத்துணியில் அரசு முதன்முதலாகக் கைவைத்தது அதற்கு நான்கு தசாப்தங்களுக்கு முன்னர். அப்போது பிறந்த கட்டளை, அணியாதே என்பதாகும்.

1907 இல் பீபி கானும் அஸ்தராபாதி என்ற பெண்மணி தெஹ்ரானில் தமது இல்லத்திலேயே பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை ஆரம்பித்தார். மதகுருமாருள் ஒரு சாராரின் எதிர்ப்பினால் அது சிறிது காலம் மூடப்பட நேர்ந்தது. அன்று சர்ச்சைக்குள்ளானது உடையன்று. பெண் எழுதப் படிக்கலாமா என்பதே. அடுத்து வந்த ஆண்டுகளில் பாடசாலைகள் பெருகின. தலைமுதல் கால்வரை மறைக்கும் சாதரை அணிந்தவாறே பெண்கள் அவற்றுக்குச் சென்று வந்தனர்.

1936 ஜனவரி 8 ஆம் திகதி மன்னர் ரேசா ஷா, தெஹ்ரான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் சான்றிதழ் வழங்கும் வைபவத்துக்கு அரசியையும் புதல்வியரையும் ஐரோப்பிய உடையில், முகத்திரையின்றி அழைத்து வந்தார். அதற்கெனக் கல்விக்கூடம் ஒன்றைத் தெரிவு செய்தது தற்செயலானதல்ல. அரசின் சம்பளம் பெறும் ஆசிரியைகளும் அவர்களிடம் கற்கும் மாணவியருமே கட்டளைக்கு எளிதில் அகப்படக்கூடியவர்கள். மறுத்த ஆசிரியைகள் வேலையிழந்தனர். வீதியில் பொலிஸார் சாதர்களை இழுத்துக் களைந்தனர்.

அதே காலத்தில்தான் தெஹ்ரான் பல்கலைக்கழகம் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். வசதியும் நவீன நாட்டமும் கொண்ட குடும்பத்துப் பெண்களுக்கு அது பெரும் வாய்ப்பு. சமயப் பற்றுள்ள குடும்பங்களோ தங்கள் புதல்வியரைப் பாடசாலையிலிருந்து நிறுத்திக்கொண்டன. பெண்ணை முன்னேற்றுவதற்கென்று பிறந்த கட்டளை ஒரு பகுதிப் பெண்களை வீட்டுக்குள் அடைத்தது. இதனை எந்த நவீனத்துவ வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

1941 இல் மன்னர் முடிதுறந்ததும் கெடுபிடி தளர்ந்தது. ஆயினும் ஐயம் நீங்கவில்லை. அத்தகைய குடும்பங்களுக்கென 1960களின் பிற்பகுதியில் தெஹ்ரானில் ரெஃபா என்ற தனியார் மகளிர் பாடசாலை நிறுவப்பட்டது. 1979 பெப்ரவரியில் நாடு திரும்பிய ஆயத்துல்லா கொமெய்னி முதலில் தங்கியது அங்கேதான். வீழ்த்தப்பட்ட அரசின் தளபதிகள் நால்வர் சுட்டுக்கொல்லப்பட்டதும் அதே பாடசாலையின் மேல்மாடியில். பெண்பிள்ளைகள் படிக்கக் கட்டிய கட்டடத்துக்கு வாய்த்த விதி அது!

மறு மாதமே தலை மறைப்புக் கட்டளை வந்தது. மார்ச் 8 இல் எதிர்த்து வீதியில் இறங்கிய பெண்களுள் உயர்தரப் பாடசாலை மாணவியரும் இருந்தனர். அரசு சற்றுப் பின்வாங்கிற்று. எனினும் 1983 இல் தலை மறைக்காத பெண்ணுக்கு 74 கசையடி எனச் சட்டமாயிற்று. முதலாம் வகுப்புச் சிறுமிக்கும் நாடியோடு இறுக்கும் தலைத்துணியும் நீண்ட மேலங்கியும் கட்டாயமாயின. நிறங்கூடக் கறுப்பு, கருநீலம், சாம்பல், பழுப்பு என வரையறுக்கப்பட்டது.

1976 இல் ஏறக்குறைய 35 சதவீதமாயிருந்த பெண்களின் எழுத்தறிவு 1996 இல் 74 சதவீதத்தை எட்டியது. இதற்கு உடைவிதியே காரணம் என்போர் உண்டு. அது மிகை, கிராமங்களை அடைந்த பாடசாலைகளுக்கும் எழுத்தறிவு இயக்கத்துக்கும் உரிய பங்கு பெரியது. ஆனால் முன்னர் தயங்கிய தந்தையர் பலர் இப்போது மகளை அனுப்பினர் என்பதும் உண்மை. இரண்டு ஆட்சிகளும் தந்தையரின் மனத்தையே எடைபோட்டன. மாணவியின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

2022 செப்டெம்பர் 16 இல் மஹ்சா அமினி காவலில் மரணமானபின், ஒக்டோபரில் மாணவியரே பேசினர். வகுப்பறைகளில் தலைத்துணியைக் கழற்றி வீசினர். கராஜ் நகரில் தங்கள் பாடசாலைக்கு வந்த அதிகாரியொருவரைக் கூச்சலிட்டு வாயிலுக்கு வெளியே விரட்டினர். 2023 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை கழிந்து பாடசாலைகள் திறந்த வேளையில், தலை மறைப்பு விதியை ஏற்காத மாணவியருக்குக் கல்விச் சேவை வழங்கப்படமாட்டாது எனக் கல்வியமைச்சு அறிவித்தது.