சொல்லப்படாத மூன்று மாதங்கள்

கண்டிப் பெருந்தெருவை அமைத்த பொறியியலாளர் டோசனுக்கு 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதத்தின் நினைவாக 2014இல் ஒரு நூதனசாலையும் அங்கே திறக்கப்பட்டது. தெருவையும் தண்டவாளத்தையும் வரலாறு மறக்கவில்லை. அவற்றின் வழியே துறைமுகத்துக்கு இறங்கிய தேயிலையைக் கொய்த பெண்களின் வரலாறோ செக்ரோல் ஏடுகளிலும் சட்டப் புத்தகங்களிலும் சிதறிக் கிடக்கின்றது. அதில் ஒரு சிறு பகுதியையே ஈண்டு நோக்குகின்றோம். கருவுற்ற பெண், அதன் முதல் மாதங்களில், தன் நிலையைத் தொழிலிடத்தில் மறைப்பது ஏன்?

நாணம் என்று ஒரு சொல்லில் விடை கூறி ஒதுங்குவது நம்மவர் வழக்கம். நாணமும் உண்டு, கண்ணூறு பற்றிய அச்சமும் உண்டு, மறுக்கவில்லை. ஆயின் அதே பெண் தன் மாமியாருக்குச் சொல்கின்றாள். பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயத்துக் காம்பராவிலே, சொல்லாவிட்டாலும் அடுத்த வீட்டுக்காரி அறிந்துகொள்வாள். கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மட்டுமே அவள் சொல்வதில்லை. நாணம் ஆள் பார்த்தா வருகின்றது?

விடையைப் பெரட்டுக்களத்திலே தேடுதல் வேண்டும். கோப்பிக் காலத்தில் பறிப்புக்குப் பருவம் உண்டு. பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியோர் பலர். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் வந்த தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுதும் கொழுந்து துளிர்க்கும். ஆண்டு முழுதும் கை வேண்டும். பெண் நிலையான தொழிலாளியாகத் தோட்டத்தில் இருத்தப்பட்டது இதனாலேயே. அவளுக்குக் கூலி நாட்கூலி. விடியற்காலையிற் பெரட்டுக்கு வந்தாற் பேர் விழும். நேரம் பிந்தினால், நிறை குறைந்தால், அரைப்பேர். காலையிற் குமட்டலோடு எழும் ஒரு பெண்ணின் உடல் இந்த ஒழுங்குக்குப் பொருந்தாது. பொருந்துவதுபோல் அவள் நடிக்கவேண்டியவளாகின்றாள். எந்த மலைக்கு யாரை அனுப்புவது என்பது கங்காணியின் வாய்ச்சொல்லில் இருந்தது. அவனிடம் சொன்னால் சலுகை கிடைக்கலாம், ஏளனமும் கிடைக்கலாம், வேலை நாட்களும் குறையலாம். இம்மூன்றில் எது கிடைக்கும் என்று முன்கூட்டி அறியமுடியாதவள் வாய்மூடி இருப்பது நாணமன்று, கணக்கு.

சட்டம் அவளுக்குத் துணை நின்றதா? 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டம், தோட்டத்திற் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவளித்து, வேலைக்கு இழுக்காதிருக்குமாறு துரைமாரைப் பணித்தது. 1919இல் வாஷிங்டனிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, பேற்றுக்கு முன்னும் பின்னும் ஆறு ஆறு வாரம் என ஓர் அளவை வகுத்தது. இருபது ஆண்டுகள் கழித்தே, 1939இன் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இலங்கைக்கு வந்தது. அது வரவேற்கத்தக்க வெற்றியே. எனினும் அச்சட்டத்தைக் கருவுற்ற பெண்ணின் முதல் மூன்று மாதங்களிலிருந்து வாசித்துப் பாருங்கள். அது கேட்பது பேறுகாலம் நெருங்கும்போது தரும் அறிவித்தலை. அது பேறாகக் கொள்வது 28 வாரம் கடந்த கருவை. ஆகவே தொடக்க மாதங்கள் சட்டத்தின் கண்ணிற் படுவதேயில்லை. அம்மாதங்களிற் சொல்லும்படி அவளை அது வற்புறுத்தவில்லை. சொன்னால் வரும் விளைவிலிருந்து காக்கவுமில்லை. மேலும், முந்திய ஓராண்டுள் 150 நாள் வேலை செய்திருத்தல் வேண்டும் என்பது தொடக்கத்தில் இருந்த நிபந்தனை. பேற்றுக்காலப் பணம் வேண்டுமாயின் முதல் மாதங்களிற் பேர் குறையக்கூடாது; பேர் குறையாதிருக்க, நோயைக் காட்டக்கூடாது.

கருக்கள் பல கலைவதும் அந்த முதல் மூன்று மாதங்களிலேதான். முந்திச் சொன்னவள் அவ்விழப்பையும் அதே களத்திலே சொல்லவேண்டி வரும்.

தோட்டத்து மருத்துவச்சியிடம் பதிந்துகொள்வது தாய்க்கும் சேய்க்கும் நன்மையென்பதில் ஐயமில்லை. தோட்டங்களிற் சிசு மரணம் மிகுந்திருந்த காலத்தில் அப்பதிவேடு உயிர்களைக் காத்தது. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. மருத்துவச்சிக்குச் சம்பளம் கொடுத்ததும் தோட்டமே, கொழுந்தை நிறுத்ததும் தோட்டமே. உடலைப் பற்றிய உண்மையை வைத்தியத்துக்குச் சொல்வதும் முதலாளிக்குச் சொல்வதும் இங்கே ஒன்றாகிவிட்டன.

படித்து அலுவலகம் போகும் பெண்ணுக்கு இவ்விடர் இல்லையென எண்ணுவோர் இந்தியாவின் இரு வழக்குகளை அறிதல் நன்று. முதற் கருவுற்றதும் விமானப் பணிப்பெண்ணை வேலையிலிருந்து நீக்கலாம் என்ற விதியை 1981இலேயே உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. மற்றையது நீரா மாத்தூர் வழக்கு. ஆயுள் காப்பீட்டுக் கழகத்திற் சேரும் பெண், கடைசி மாதவிடாய் எப்போது, எத்தனை முறை கருவுற்றாள் என்றெல்லாம் ஒரு படிவத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டியிருந்தது. உண்மையை மறைத்தாள் என்று கூறி, பிள்ளை பெற்ற சில வாரங்களில், 1990 பெப்ரவரியில் அவளை நீக்கினர். 1991இல் நீதிமன்றம் அவளை மீண்டும் வேலையில் அமர்த்தியது. அக்கேள்விகள் பெண்ணின் மானத்துக்கு இழுக்கு, அவற்றை நீக்குக என்றது. கேட்க உரிமையில்லாத கேள்விக்குப் பொய் சொன்னவளிடத்துக் குற்றம் காணாது, கேட்டவரிடத்துக் கண்ட தீர்ப்பு அது. நம் ஆசிரியர் அறைகளில், ஒருத்தி இரண்டு நாள் தேநீர் அருந்தாவிட்டால் எழும் குசுகுசுப்பையும் இவ்விடத்தில் நினைவிற் கொள்ளலாம்.

தோட்டத்துக்குத் திரும்புவோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமநாட்கூலி 1984இலேதான் வந்தது. இரண்டு பிள்ளைகள் உள்ளவளுக்கு அடுத்த பேற்றுக்கு 42 நாளே என்றிருந்த பாகுபாடு 2018இல் நீக்கப்பட்டு, எல்லாப் பேற்றுக்கும் 84 நாள் என்றாயிற்று. போராடிப் பெற்ற இவையெல்லாம் செக்ரோலிற் பெயருள்ளவளுக்கே எளிதிற் கைகூடும். கண்டியைச் சூழ்ந்த மத்திய மலைநாட்டில் சிறு தோட்டங்கள் பல. அங்கே அன்றன்றைக்குக் கூப்பிட்டு அன்றன்றைக்குக் கூலி கொடுத்து அனுப்பும் வேலை மிகுதி. அப்பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இராது. கருவுற்றிருக்கின்றாள் என்று தெரிந்தால் அவளை யாரும் நீக்கவேண்டியதில்லை. மறுநாட் காலையிற் கூப்பிடாமல் விட்டாற் போதும்.