மண்ணெண்ணெயில் ஓடின காலமும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும்

எங்களில் ஒருவனுக்குக் கம்பஸ் வந்துபோக மோட்டார் சைக்கிள் வேணும். புதுசா, செக்கன்ட் ஹாண்டா எண்டு இரண்டு கிழமையாகக் கன்ரீனில் ஒரே விவாதம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழசுக்கும் விலை ஏறிப்போய்விட்டது. கடைசியில் அவனுடைய பெரியப்பாவிடம் போனோம். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "உனக்குக் கழட்டிப் பூட்டத் தெரியுமோ?"

அந்தக் கேள்வி 1990இல் இருந்து வருகிறது. அந்த வருடம் ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்க, குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லை, ரயிலும் இல்லை. பெற்றோலும் பற்றரியும் பொருளாதாரத் தடைக்குள் போயின. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, கொள்ளை விலைக்கு வந்தது. வாகனங்களை அதிலேயே ஓட்டினார்கள்.

இதை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணி இறைத்த மெசின்கள் முன்பே அப்படித்தான் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் இலகுவில் ஆவியாகாது. அதனால் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேணும். தோட்டக்காரனின் கைப்பழக்கம் றோட்டுக்கு வந்தது, அவ்வளவுதான். புகை கண்ணை எரிக்கும். பிளக்கில் கரி பிடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கிவிடும். பிளக்கைக் கழட்டித் துடைக்கத் தெரியாதவன் பாதி வழியில் நிற்கவேண்டியதுதான்.

இங்கேதான் பழசு வென்றது. 1950களின் ஒஸ்ரின் ஏ40 கார், யுத்தத்துக்குப் பிந்திய பிரித்தானியாவின் தரம் குறைந்த பெற்றோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. எஞ்சினின் அமுக்கம் குறைவு. அதனால் மண்ணெண்ணெயை ஒரு மாதிரிச் சமாளித்தது. அமுக்கம் கூடின புது எஞ்சினுக்கு அதைக் குடுத்தால் 'டக் டக்' எண்டு இடிக்கும்.

இதையெல்லாம் 'யாழ்ப்பாணத்தான்ரை மூளை' எண்டு புகழ்ந்து முடிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அது விரும்பிப் படித்த படிப்பில்லை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ கரண்டில் பிபிசி தமிழோசை கேட்டார்கள் எண்டால், ஒரு பற்றரி வாங்க வழியில்லாமல்தான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இந்தக் கதைகளில் வருவதெல்லாம் ஆம்பிளைகள்தான். எங்கள் தோழி ஒருத்தி சொன்னாள்: "அம்மா அந்தக் காலம் முழுக்கச் சைக்கிள்தான். செயின் போட்டவ, பஞ்சர் ஒட்டினவ. ஒருத்தரும் அவவை மெக்கானிக் எண்டு சொல்லேல்லை." வரலாற்று மாணவர்கள் எண்டு சொல்லிக்கொள்கிற நாங்களும் அதுவரை அவவிடம் போய் ஒன்றும் கேட்கவில்லை.

பழசையே வாங்கினோம். மூன்றாம் நாள் நின்றுபோச்சு. பெரியப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. பிளக் சாவியை எங்களிடம் நீட்டிவிட்டு, "கழட்டுங்கோ, பாப்பம்" எண்டார். தோழி அடுத்த நாள் தாயையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.