டல்சாவில் ஏமாந்த ஒரு வாசகி

பதின்பருவத்தினருக்கான ஆங்கில நாவல்கள் கடைசியில் ஏன் இப்படிக் காலை வாரிவிடுகின்றன என்று யாராவது புலம்பினால், நான் கதையை டல்சாவிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கும் எண்ணெய் நகரம் அது. 1960களின் நடுவில் அங்கே வில் ரோஜர்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சூசன் எலோயிஸ் ஹின்டன் என்றொரு மாணவி படித்துக்கொண்டிருந்தார். நிறையப் படிக்கிற பெண். ஆனால் அவருடைய வயதுக்காரர்களுக்கென்று நூலக அலமாரியில் இருந்த புத்தகங்களில் பெண்பிள்ளைகள் பள்ளி நடன விருந்துக்கு யாருடன் போவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே அவருடைய பள்ளியிலோ பணக்காரப் பையன்களும் ஏழைப் பையன்களும் கோஷ்டி பிரிந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு நடந்து போன அவருடைய நண்பன் ஒருவன் வழியில் அடிவாங்கினான். அந்தக் கோபத்தில் எழுத உட்கார்ந்தார். வயது 15.

அதுதான் 1967இல் வைக்கிங் பதிப்பகம் வெளியிட்ட 'தி அவுட்சைடர்ஸ்'. எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அப்பா மூளைக் கட்டியோடு போராடிக்கொண்டிருந்தார். அதே வருஷம் பள்ளியில் படைப்பெழுத்துப் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது 'டி' கிரேடு. (இந்தத் தகவலை எல்லாத் தமிழாசிரியர்களுக்கும் சமர்ப்பிக்கிறேன்.) பெண் எழுதியது என்று தெரிந்தால் ஆண் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பகம் நினைத்ததால் அட்டையில் எஸ்.ஈ. ஹின்டன் ஆனார். புத்தகம் வந்த அதே ஆண்டில் நியூயார்க் டைம்ஸின் புத்தகப் பகுதியில் ஒரு கட்டுரையும் எழுதினார். சாராம்சம் இதுதான்: எங்களுக்காக எழுதுகிறவர்களுக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

இன்று 'யங் அடல்ட்' என்று கடைகளில் தனி அலமாரி போட்டு விற்கிற வகைமைக்கு இந்த நாவலைத் தொடக்கப்புள்ளியாகச் சொல்வது வழக்கம். அமெரிக்க நூலகச் சங்கம் அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1957இல், இளையோர் சேவைக்கென்று ஒரு பிரிவை உண்டாக்கிவிட்டது. அலமாரி இருந்தது, அதில் வைக்கிற புத்தகம்தான் இல்லை. ஆக, இந்த வகைமையின் முதல் பெரிய புத்தகமே ஏமாந்துபோன ஒரு வாசகியின் புகார். இதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வந்த எல்லாப் புகார்களையும் 'சின்னப் பசங்க, முடிவு பிடிக்கலன்னு அழுவுதுங்க' என்று தள்ளிவிட முடியாது.

நம்முடைய மொழியில் ஒரு வசதி இருக்கிறது. எதிர்பார்த்தது கிடைக்காவிட்டாலும் ஏமாற்றம்தான், ஒருவன் பொய் சொல்லிப் பணத்தைப் பிடுங்கினாலும் ஏமாற்றம்தான். இரண்டுக்கும் வேர் ஒன்று. ஏமாந்தேனா, ஏமாற்றப்பட்டேனா என்று நாம்தான் ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த நாவல்களின் வரலாற்றில் எனக்குச் சுவாரசியமான கேள்வியும் அதுதான்.

பச்சையான ஏமாற்று வேலைக்கு உதாரணம் வேண்டுமென்றால் 1971இல் வந்த 'கோ ஆஸ்க் ஆலிஸ்'. போதையில் விழுந்த ஒரு பெண்ணின் நிஜ நாட்குறிப்பு என்று வெளியானது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அநாமதேயர்'. கடைசியில், நாட்குறிப்பை நிறுத்திய மூன்றாவது வாரம் அவள் இறந்துவிட்டாள் என்று ஒரு பின்குறிப்பு. லட்சக்கணக்கான பிள்ளைகள் அதை நம்பி அழுதார்கள். பிறகு பியாட்ரிஸ் ஸ்பார்க்ஸ் என்ற நடுவயதுப் பெண்மணியின் பெயர் வெளியே வந்தது. அந்தப் புத்தகத்தை இப்போது எடுத்துப் படித்தால், பெரியவர் ஒருவர் பிள்ளைகளைப் பயமுறுத்த எழுதியது என்று பத்துப் பக்கத்தில் தெரிந்துவிடும். ஹின்டன் எதை எதிர்த்து எழுதினாரோ, அதுவே வேஷம் மாற்றிக்கொண்டு 'நாங்களும் உண்மையைத்தான் சொல்கிறோம்' என்று திரும்பி வந்தது. உண்மையாக எழுதினால் விற்கும் என்பது தெரிந்துபோனபின் உண்மை மாதிரி எழுதுகிறவர்கள் வரத்தானே செய்வார்கள்.

இதற்கு நேரெதிர் திசையில் நிற்கிறவர் ராபர்ட் கார்மியர். மாசசூசெட்ஸில் பத்திரிகை வேலை பார்த்தவர். அவருடைய மகன் பள்ளிக்காகச் சாக்லேட் விற்க மறுத்த சின்ன சம்பவத்திலிருந்து 'தி சாக்லேட் வார்' பிறந்தது. அதை அவர் இளையோருக்கென்று எழுதவே இல்லை, அந்த அலமாரியைக் கைகாட்டியது அவருடைய முகவர். கதையில் சாக்லேட் விற்க மாட்டேன் என்று நிற்கிற பையன் ஜெர்ரி கடைசியில் ஜெயிப்பதில்லை. அடித்துத் துவைக்கப்பட்டு, எதிர்த்து நிற்காதே என்று நண்பனிடம் சொல்ல நினைக்கிற நிலையில் முடிகிறான். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. முடிவை மாற்று என்றார்கள், அவர் மாற்றவில்லை. 1974இல் பாந்தியன் வெளியிட்டது. முப்பது வருஷம் கழித்து, 2004இல், நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி அமெரிக்காவில் அதிகம் புகார் வந்த புத்தகங்களின் பட்டியலில் அதுதான் முதலிடம். பெரும்பாலும் பெற்றோர்கள் தரப்பின் ஆட்சேபங்கள். படித்த பிள்ளைகளுக்கும் அந்த முடிவு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் புத்தகம் என்னிடம் பொய் சொல்லவில்லை. முதல் பக்கத்திலேயே ஒரு பையன் மைதானத்தில் அடிபட்டு விழுகிறான். இனி என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நேர்மையான முன்னறிவிப்பு உண்டா?

அடுத்த இருபத்தைந்து வருஷத்தை வேகமாகக் கடந்துவிடலாம். நல்ல புத்தகங்கள் வந்தன, 1988இல் இளையோர் எழுத்துக்கான மார்கரெட் எட்வர்ட்ஸ் விருதை முதல் ஆளாக ஹின்டனே வாங்கினார். விஷயம் மாறுவது ஹாரி பாட்டரில். அந்தப் புத்தகங்கள் பெரியவர்களின் விற்பனைப் பட்டியலில் மேலிடங்களைப் பிடித்துக்கொண்டு நகராததால் 2000இல் நியூயார்க் டைம்ஸ் சிறுவர் நூல்களுக்கென்று தனிப் பட்டியலே போட்டது. அப்போதுதான் இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. அதன்பின் ஒற்றைப் புத்தகம் யாருக்கும் வேண்டியதில்லை, தொடர்தான் வேண்டும். குறிப்பாக மூன்று பாகம், வருஷத்துக்கு ஒன்று. படம் வேறு வரும்.

தொடர் என்றால் காத்திருப்பு. காத்திருக்கிற வாசகர் சும்மா இருப்பதில்லை. அடுத்த பாகத்தை மனதிலேயே எழுதிவிடுகிறார், சிலர் காகிதத்திலும் எழுதுகிறார்கள். பதினான்கு வயதில் முதல் பாகத்தைப் படித்தவருக்கு மூன்றாம் பாகம் வரும்போது பதினாறோ பதினேழோ. அந்த வயதில் இரண்டு வருஷம் என்பது சாதாரண இடைவெளி இல்லை. புத்தகம் அதே இடத்தில் நிற்க, ஆள் எங்கோ போயிருப்பார்.

2008 ஆகஸ்ட் 2 அன்று ஸ்டெபனி மேயரின் 'ட்வைலைட்' தொடரின் கடைசிப் பாகமான 'பிரேக்கிங் டான்' வந்தது. முதல் நாளில் அமெரிக்காவில் மட்டும் 13 லட்சம் பிரதிகள். சில வாரங்களுக்குள் அதை வாங்கிய தீவிர ரசிகைகளில் ஒரு பகுதியினர், எரிக்க வேண்டாம், கடையிலேயே திருப்பிக் கொடுப்போம் என்று இயக்கம் நடத்தினார்கள். (கதையைச் சொல்லப்போகிறேன். இத்தனை வருஷம் படிக்காதவர்கள் இனி படிக்கப்போவதில்லை என்று நம்புகிறேன்.) நூற்றுக்கணக்கான பக்கங்களாக ஒரு பெரிய போருக்கு ஆள் சேர்க்கிறார்கள். எதிரிகள் வந்து பனியில் அணிவகுத்து நிற்கிறார்கள். பேசுகிறார்கள். போய்விடுகிறார்கள். அவ்வளவுதான், யாருக்கும் கீறல்கூட விழாத மாதிரி ஒரு முடிவு. 2012இல் படமெடுத்தவர்களுக்கே இது தாங்கவில்லை. பெரிய சண்டை ஒன்றை வைத்து, தலைகளை உருட்டி, பிறகு எல்லாம் ஒரு பாத்திரத்தின் தரிசனம்தான் என்று அழித்தார்கள். அந்த ரசிகைகளை அன்று பத்திரிகைகள் கேலி செய்தன. அவர்கள் கேட்டது என்ன? எதையும் இழக்காமல் எல்லாமே கிடைக்கிற கதை எங்களுக்கு வேண்டாம் என்றுதானே. இது விமர்சனம், அதுவும் சரியான விமர்சனம்.

அடுத்த மாதமே சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' வந்தது. ஒரு பக்கம் ரியாலிட்டி ஷோவும் மறுபக்கம் இராக் போர்ச் செய்திகளும் ஓடிய தொலைக்காட்சியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது தோன்றிய கரு என்று அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா வியட்நாம் போருக்குப் போனவர். மூன்றாம் பாகம் 'மாக்கிங்ஜே' 2010 ஆகஸ்டில். எங்கள் விடுதியில் அதன் ஒரே பிரதி ஆறு பேர் கை மாறியது. என்னிடம் வரும்போது கடைசிப் பக்கத்தில் யாரோ பென்சிலால் 'இவ்ளோதானா?' என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே இன்னொரு கையெழுத்து: 'வேற என்ன எதிர்பார்த்த?'

அந்தச் சண்டையில் நான் இரண்டாவது கையெழுத்தின் பக்கம், கொஞ்சம் தயக்கத்தோடு. தயக்கம் ஏனென்றால் குறைகள் நிஜம். முக்கியமான திருப்பங்களில் நாயகி காட்னிஸ் காயம்பட்டோ மயக்கத்திலோ கிடக்கிறாள், பிறகு யாராவது வந்து நடந்ததைச் சொல்கிறார்கள். பீட்டாவா கேலா என்பதை அவள் தேர்ந்தெடுக்கிறாள் என்பதைவிட, அது தானாக நடந்துவிடுகிறது. ஆனால் எந்தத் தங்கைக்காக முதல் பாகத்தில் தன்னையே கொடுக்க முன்வந்தாளோ அந்த ப்ரிம், புரட்சிப் படையின் குண்டிலேயே சாகிறாள் என்று கதை நம்மை நினைக்க வைக்கிறது. அந்தக் குண்டின் யோசனை காதலிக்க வேண்டிய நண்பனுடையதாக இருக்கலாம். எதிரிகளின் பிள்ளைகளை வைத்து இன்னொரு முறை அதே கொலை விளையாட்டை நடத்தலாம் என்கிறார் புரட்சித் தலைவி. காட்னிஸின் அம்பு அவரை நோக்கித் திரும்புகிறது. வெற்றி விழாவை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு மருந்து மயக்கத்தில் கிடக்கிற ஒரு பெண் கிடைத்தாள். ஏமாற்றம்தான். போர் என்றால் இதுதான் என்று முதல் பாகமே சொல்லியிருந்தது, நாம்தான் அம்பு விடுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' கதை வேறு. கல்லூரியில் படிக்கும்போதே எழுதி, 22 வயதில் வெளியிட்டார். 2011, 2012, 2013 என்று வருஷத்துக்கு ஒரு பாகம். ஹின்டன் தன் இரண்டாவது நாவலுக்கு எடுத்துக்கொண்டது நான்கு வருஷம். முதல் புத்தகத்தின் புகழில் எழுதவே முடியாமல் முடங்கி, காதலனின் வற்புறுத்தலில் தினம் இரண்டு பக்கம் என்று எழுதி 1971இல்தான் முடித்தார். ராத்துக்கு அந்த மாதிரி முடங்குவதற்கு நேரம் கொடுத்திருப்பார்களா என்று தெரியாது. மூன்றாவது பாகமான 'அலீஜியன்ட்'டில் நாயகி ட்ரிஸ் செத்துப்போகிறாள். கொந்தளித்துவிட்டார்கள். ராத் உட்கார்ந்து விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

சாவு பிரச்னையே இல்லை என்பது என் கட்சி. தியாகத்தையே அறமாகக் கொண்ட குழுவில் வளர்ந்த பெண் அண்ணனுக்குப் பதில் தான் சாவது பொருந்துகிற விஷயம்தான். முதல் இரண்டு பாகத்தையும் அவள் மட்டுமே சொல்ல, மூன்றாவதில் திடீரென்று காதலனும் சொல்ல ஆரம்பித்தபோதே விவரமானவர்கள் ஊகித்துவிட்டார்கள். (இரண்டு குரலுக்கும் வித்தியாசம் தெரியாமல் அத்தியாயத் தலைப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், அது தனிக் கடுப்பு.) உண்மையான துரோகம் வேறு இடத்தில். ஐந்து குழுக்கள், பதினாறு வயதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறந்த வீடா பிடித்த வாழ்க்கையா? நம்மூரில் பத்தாம் வகுப்பு முடித்து குரூப் எடுத்த யாருக்கும் இந்தப் பதற்றம் புரியும். அதனால்தான் அந்தப் புத்தகம் அப்படிப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் பாகத்தில் வேலியைத் தாண்டிப் போனால், அந்த நகரமே ஒரு மரபணுச் சோதனை என்கிறார்கள். அப்படியென்றால் அந்தத் தேர்வு? அந்தப் பதற்றம்? இந்த இடத்தில் நான் ஏமாந்தேன் என்று சொல்ல மாட்டேன், ஏமாற்றப்பட்டேன். 2016இல் அந்தப் பாகத்தின் படம் விழுந்தது. கதையின் இறுதியைச் சொல்ல வேண்டிய நான்காவது படம் எடுக்கப்படவே இல்லை.

இதற்கிடையில் வாசகரே மாறிவிட்டார். 2012இல் பவுக்கர் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்தபோது இளையோர் நாவல் வாங்குகிறவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதும் அதற்கு மேலும். 2014இல் ஸ்லேட் இதழில் ரூத் கிரகாம், பெரியவர்கள் இவற்றைப் படிக்க வெட்கப்பட வேண்டும் என்று எழுதிப் பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் பேசியவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். முப்பது வயதுக்காரருக்குப் போதவில்லை என்பதால் ஒரு புத்தகம் தோற்றதாகுமா? பதினைந்து வயது ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டாமா?

தமிழில் நமக்கு இந்தச் சண்டைகூட வாய்க்கவில்லை. 'அம்புலிமாமா', 'பூந்தளிர்' படித்து முடித்த கையோடு ராஜேஷ்குமாருக்கோ சுஜாதாவுக்கோ தாவியவர்கள்தான் நம் முந்தைய தலைமுறை. நடுவில் படிக்கட்டே இல்லை. சாகித்ய அகாதமி 2011இல் யுவ புரஸ்கார் கொடுக்க ஆரம்பித்தது, அதில் வயது வரம்பு எழுதுகிறவருக்கு. பதினாறு வயதில் நான் கோபப்பட்ட நாயகிகள் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசியவர்கள். கோபத்தை மட்டும் தமிழில் பட்டுக்கொண்டேன்.

ஹின்டனின் புத்தகத்துக்கு நடந்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். 1980இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ பகுதியில் ஒரு பள்ளி நூலகரும் மாணவர்களும், 'தி அவுட்சைடர்ஸ்'ஸை நீங்கள் படமாக எடுக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு 'காட்ஃபாதர்' இயக்குநர் கொப்போலாவுக்குக் கடிதம் அனுப்பினார்கள். எடுத்தார், 1983இல் வந்தது. ஆனால் நீளம் கருதி நாவலின் தொடக்கமும் முடிவும் வெட்டப்பட்டிருந்தன. புத்தகத்தைப் பாடமாகப் படித்துவிட்டுப் படம் பார்த்த பிள்ளைகள் விடவில்லை. அந்தக் காட்சி எங்கே, இந்தக் காட்சி எங்கே என்று அவருக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2005இல் சுமார் 22 நிமிடக் காட்சிகளைத் திரும்பச் சேர்த்து, அப்பா கார்மைன் கொப்போலாவின் இசையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு அந்தக் காலத்து ராக் பாடல்களைப் போட்டு, படத்தை மறுபடி வெளியிட்டார். தலைப்பிலும் ஒரு சேர்க்கை: 'முழு நாவல்'.