தாய்ப்பாலூட்டலில் தந்தையின் பங்கு (வட்டவடை)

குழந்தைக்குத் தாய்ப்பால் தடையின்றிக் கிடைக்கத் தந்தை அறிய வேண்டியவையும் செய்ய வேண்டியவையும் இதில் அடங்கும். வட்டவடை, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய ஊராட்சி. மூணாறிலிருந்து சுமார் 45 கி.மீ. தமிழ் பேசும் உழவர்களும் முதுவர் பழங்குடியினரும் இங்கு வாழ்கின்றனர்.

வரலாறு

தென்னிந்தியாவில் தந்தை பேற்றிலிருந்து என்றுமே விலகி நின்றார் என்பது சரியன்று. மனைவிக்கு வலி கண்டதும் கணவனும் படுத்துக்கொண்டு பேறுகால மருந்து உண்ணும் வழக்கம் குறவரிடம் இருந்ததை, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் பதிவு செய்துள்ளார். இத்தகைய வழக்கத்திற்கு மானிடவியலில் ‘கூவாட்’ என்று பெயர். 1865இல் மானிடவியலாளர் இ. பி. டைலர் இச்சொல்லை ஆய்வுலகில் பரப்பினார்.

முதுவர் வழக்கம் இதற்கு நேர்மாறானது. மாதவிலக்கிலும் பேற்றிலும் பெண்கள் ஊரின் ஓரத்தில் உள்ள வாலாமைப்புரை என்னும் தனிக் குடிலில் தங்குவர். ஆண்கள் அங்கே செல்வதில்லை. எனவே சீம்பால் ஊட்டும் முதல் நாட்கள் முழுக்கப் பெண்களின் பொறுப்பிலேயே இருந்தன.

தமிழ்க் குடும்பங்களில் பிரிவு வேறு விதம். வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும் பெண், தலைப்பிள்ளையுடன் சில மாதங்கள் கழித்தே திரும்புகிறாள். பால் சுரப்பு நிலைபெறும் காலம் அதுதான். தந்தை விருந்தாளிபோல் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். அவருடைய அறியாமைக்கு அக்கறையின்மையைவிட இந்த ஏற்பாடே முதற்காரணம்.

அறிய வேண்டியவை

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்ட வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. அதன்பின் இணை உணவுடன் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சேனை வைப்பதாகச் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாவில் தொட்டு வைப்பதைத் தடுக்கும் சொல், வீட்டில் தந்தையின் வாயிலிருந்து வந்தால் எடுபடும்.

பாலை வெளித்தள்ளும் ஆக்ஸிடோசின் சுரப்பு, வலியாலும் மனக்கலக்கத்தாலும் தடைபடும். பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரவில் கூடுதலாகச் சுரப்பதால், இரவுப் பாலூட்டலைத் தவிர்க்கக் கூடாது. நள்ளிரவில் குழந்தையை எடுத்துத் தாயிடம் தருவது, பால் குடித்தபின் தோளில் சாய்த்து முதுகை மெல்லத் தட்டி ஏப்பம் விட வைப்பது, நனைந்த துணியை மாற்றுவது ஆகிய மூன்றையும் தந்தை செய்தால் தாய்க்கு உறக்கம் மிஞ்சும். பாலூட்டும் பெண்ணுக்குத் தமிழ் வீடுகள் கொடுக்கும் பூண்டு, வட்டவடை ஆண்களும் பாடுபட்டு விளைவிக்கும் பயிர்தான்.

இத்தாலியின் நேபிள்ஸ் நகரில் 280 குடும்பங்களில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், பாலூட்டல் சிக்கல்களைக் கையாளத் தந்தையருக்குக் கற்பித்த குழுவில் ஆறு மாதத்தில் 25 விழுக்காட்டினர் முழுமையாகத் தாய்ப்பால் ஊட்டினர். மற்றக் குழுவில் 15 விழுக்காட்டினரே.

இன்றைய நிலை

மத்திய அரசு ஊழியர்க்குத் தந்தைமை விடுப்பு 15 நாள். பூண்டுக் காட்டிலும் கேரட் தோட்டத்திலும் கூலிக்குப் போகும் தந்தைக்குச் சட்டப்படியான விடுப்பு ஏதுமில்லை.