அரகந்தர் என்னும் சொல்லின் வரலாறு

பௌத்த நூல்களைப் பயில்வோர் 'அரகந்தர்' என்னும் சொல்லை அடிக்கடி காண்பர். ஆசையை அறவே அறுத்து, மெய்யுணர்வு பெற்று, பிறவாநிலை எய்தியவரை அது குறிக்கும். பாலியில் 'அரஹந்த' என்றும் வடமொழியில் 'அர்ஹத்' என்றும் வழங்கும் இச்சொல்லின் வேர் 'அர்ஹ்' என்பதாம். 'தகுதி பெறுதல்' என்பது அவ்வேரின் பொருள். எனவே அரகந்தர் என்பார் தகுதியுடையவர்.

இச்சொல் புத்தர் புதிதாகப் படைத்ததன்று. இருக்கு வேதத்திலேயே தெய்வங்களுக்கு அடைமொழியாக இது வந்துள்ளது. சமணரும் தம் தீர்த்தங்கரரை இச்சொல்லால் போற்றினர். தமிழில் வழங்கும் 'அருகன்' அதன் வழிவந்ததே. கி.பி. 5ஆம் நூற்றாண்டினரான புத்தகோசர், மனமாசு என்னும் பகையைக் கொன்றவர் என்றும் இதற்குப் பொருள் விரித்தார். திபெத்தியர் அப்பொருளையே தம் மொழியில் பெயர்த்துக் கொண்டனர். சீனர் ஒலியைத் தழுவி 'லோஹான்' என்றனர்.

சொல் பழையதே. ஆயினும் அதற்கு உரியவர் யார் என்னும் வினாவிற்குப் புத்தர் அளித்த விடை புதியது. தகுதி பிறப்பால் வருவதன்று, ஒழுக்கத்தாலும் முயற்சியாலும் ஈட்டப்படுவது என்று அவர் அறிவுறுத்தினார். செயலிலும் அதனைக் காட்டினார்.

உபாலி சாக்கியருக்கு முடிதிருத்தும் தொழில் செய்தவர். சாக்கிய இளவரசர் துறவு பூண வந்தபோது, தம் குலச்செருக்கு அடங்கும்பொருட்டு உபாலிக்கே முதலில் துறவு அளிக்குமாறு வேண்டினர். அவ்வாறே அளிக்கப்பட்டது, மூத்த துறவியாகிய அவரை இளவரசர் வணங்கினர். புத்தர் மறைந்தபின் இராசகிருகத்தில் 500 அரகந்தர் கூடிய முதற் பேரவையில் விநயத்தை எடுத்துரைத்தவரும் அவரே.

சுநீதர் இழிகுலம் எனப்பட்ட குடியிற் பிறந்து, வாடிய பூக்களை வாரிக் கொட்டிப் பிழைத்தவர். அவர் அரகந்தரானபோது இந்திரனும் பிரமனும் வந்து கைகூப்பி வணங்கினர் என்று தேரகாதை கூறும். அடிமையாய் நீர் சுமந்த புண்ணிகையின் பெருமையைத் தேரிகாதை பேசும். டாக்டர் அம்பேத்கர் எழுதி 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் உபாலி, சுநீதர் வரலாறுகள் இடம்பெற்றிருப்பது காரணம் பற்றியே.

அரகந்தர் அறுக்க வேண்டிய தளைகள் பத்து. அவற்றுள் ஒன்று 'மானம்'. 'யான் உயர்ந்தவன்' என்னும் எண்ணம் மட்டுமன்று, 'யான் தாழ்ந்தவன்' என்னும் எண்ணமும் இத்தளையின்பாற் படும் என்பது பௌத்தக் கோட்பாடு. நம் இளைஞர் இதனை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். தாழ்வுணர்ச்சியை அடக்கம் எனக் கருதி நெஞ்சில் வளர்த்தல் கூடாது. அதுவும் களைய வேண்டிய மாசே.

'தகுதி' என்னும் சொல்லைக் காட்டி நம் பிள்ளைகளைக் கல்லூரி வாயிலிலும் அலுவலக வாயிலிலும் தடுத்து நிறுத்துவோர் உளர். அன்னோர்க்கு விடையாக இச்சொல்லின் வரலாறு ஒன்றே போதும். தகுதி எவருடைய குலச்சொத்தும் அன்று. பூ வாரியவரும் நீர் சுமந்தவரும் அதனை ஈட்டிக் காட்டினர். கல்வியும் ஒழுக்கமும் துணையாக நாமும் ஈட்டுவோமாக!